வந்து வண்டியைப் பாருங்கம்மா

மாடியில் குடியிருக்கும் பெண் ஒரு ஞாயிறு மாலை கையில் தாளோடு இறங்கி வந்தாள். இருபத்தெட்டு வயது. நந்தனத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. சிறு வியாபாரிகளும் சரக்கு வண்டிக்காரர்களும் கடன் கேட்டுப் போடும் மனுக்களைப் பார்த்து, தரலாமா கூடாதா என்று எழுதுபவள். ஐந்து வருஷமாகிறது. இரண்டு முறை பிரமோஷன் அவளைத் தாண்டிப் போய்விட்டது. தாளில் மூன்றே வரி: ஒரு வருட எம்.பி.ஏ., வேறு கம்பெனி, பெங்களூரு. மூன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி.

"ஆன்ட்டி, நீங்க முப்பத்தோரு வருஷம் பேங்க்ல இருந்தவங்க. அடுத்து நான் என்ன பண்றது, சொல்லுங்க."

நான் எழுந்து டீ போடப் போனேன். ஒருவருடைய அடுத்த பத்து வருஷத்தை நின்ற நிலையில் சொல்லிவிட முடியாது. இஞ்சி தட்டிப் போட்டு, பால் பொங்கி அடங்கும் நேரமாவது வேண்டும். அன்று மயிலாப்பூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு டம்ளர் டீ குடித்து முடிக்கும்வரை பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளைப் போலவே வேலையில் மேலே போகவேண்டும் என்ற தவிப்போடு இருக்கும் பிள்ளைகள் இந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் எம்.பி.ஏ. கணக்கை முடித்துவிட்டோம். முப்பது லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, பத்து வருஷம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 40,500 ரூபாய். படிப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தவணையைத் தோளில் ஏற்றிக்கொண்டவர், பிடிக்காத வேலையை விட்டு வர முடியாது, சம்பளம் குறைவாக இருந்தாலும் கற்றுக்கொள்ளத் தோதான ஓர் இடத்துக்குப் போக முடியாது. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சரி. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

பிறகு நான் ஒன்று கேட்டேன். "எந்த ஃபைலைப் பார்த்த உடனே வேண்டாம்னு எழுதுவ?"

யோசிக்கவே இல்லை. "சிபில் மைனஸ் ஒன்னுன்னு வந்தா."

இதைக் கொஞ்சம் நிதானமாக விளக்குகிறேன். சிபில் மதிப்பெண் 300இல் தொடங்கி 900 வரை போகும். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டியவருக்கு எண் ஏறும், தவறியவருக்கு இறங்கும். இந்த வரிசைக்கு வெளியே நிற்பது மைனஸ் ஒன்று. இவர் இதுவரை எந்த வங்கியிலும் கடன் வாங்கிய பதிவே இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். அவர் நல்லவரா மோசமானவரா என்று அந்த எண் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்கிறது, அவ்வளவுதான். முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. ஆனாலும் மேஜையில் உட்கார்ந்திருப்பவரின் கை, "தெரியாது" என்பதை "மோசம்" என்று படித்துவிடுகிறது. முன்னூற்றைவிடக் கீழே ஓர் எண் இருப்பதுபோல ஒரு பிரமை.

அவளுடைய கேள்விக்கான பதில் இந்த மைனஸ் ஒன்றுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்ல, எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நடந்த கதை ஒன்று போதும்.

லேடி தேசிகா ரோட்டில் மூகாம்பிகா காம்ப்ளெக்ஸ் என்று ஒரு கட்டிடம். ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் விலாசமாகப் பல வருஷம் காகிதங்களில் இருந்தது அதுதான். இந்தியாவின் பழைய லாரிகளுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்த நிறுவனம். வங்கிகள் வாசலிலேயே நிறுத்திய ஆட்களை வாடிக்கையாளராக்கியது. அந்தக் குழுமத்தைக் கட்டியவர்களில் முதன்மையானவர் ஆர். தியாகராஜன்.

அவர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்பதை வேலைக்குப் போகும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். 1937இல் பிறந்தவர். சென்னையில் கணிதம் படித்து, பிறகு கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் மூன்று வருஷம். 1961இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பதின்மூன்று வருஷம் கழித்து, 1974இல், நண்பர்கள் ஏ.வி.எஸ். ராஜா, டி. ஜெயராமன் ஆகியோரோடு சேர்ந்து ஸ்ரீராம் சிட்ஸைத் தொடங்கினார். அப்போது வயது முப்பதுகளின் பிற்பாதி. லாரிக் கடன் நிறுவனம் வந்தது 1979இல்.

"பதிமூணு வருஷம் ஒரே லைன்லயா?" என்றாள். அவள் தலைமுறைக்கு அது ஆயுள் தண்டனை மாதிரி. அந்தப் பதின்மூன்று வருஷத்தில் அவர் எதைக் கற்றிருப்பார் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னேன். இனி வருவது என் வாசிப்பு.

காப்பீடு என்பது என்ன? உன் ஒரு வண்டி இந்த வருஷம் விபத்தில் சிக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் வண்டிகளைப் பல வருஷம் எண்ணிப் பார்த்தவரால், வருஷத்துக்கு ஏறத்தாழ இத்தனை சிக்கும் என்று சொல்ல முடியும். அதை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். தனி ஒருவரிடத்தில் இருட்டாக இருப்பது, கூட்டத்தில் வெளிச்சமாகிவிடுகிறது. ஆனால் யாராவது உட்கார்ந்து எண்ணியிருக்க வேண்டும். எண்ணாதவருக்கு ஆயிரம் வண்டியும் ஆயிரம் பயம்தான். கணிதம் படித்த ஒருவர் காப்பீட்டு அலுவலகத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்தால், பயத்தையும் ஆபத்தையும் தனித்தனியாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

அடுத்த பள்ளிக்கூடம் சீட்டு. மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பணத்தைக் கூட்டாகப் போட்டுப் புரட்டுவது புதிதல்ல. மயிலாப்பூர் ஹிந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இலேயே வந்துவிட்டது. ஆனால் ஏலச்சீட்டு எப்படி ஓடுகிறது என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நிதி நிறுவனத்தில் ஐந்து வருஷம் இருந்தவளுக்கு அம்மா போட்ட சீட்டு புரியவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது. டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு அவள் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன்.

இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000, இருபது மாதம். ஒரு மாதத்தில் சேர்வது ஒரு லட்சம். அந்த மாதம் பணம் யாருக்கு என்று ஏலம். மகள் கல்யாணம் வைத்திருக்கும் ஒருவர் 25,000 தள்ளி எடுக்கிறார் என்று வை. அவர் கைக்கு 75,000. தள்ளிய 25,000இல் சீட்டு நடத்துபவரின் கமிஷன், ஒரு லட்சத்துக்கு ஐந்து சதவீதம் என்று வைத்தால், 5,000 போகும். மீதி 20,000 இருபது பேருக்கும் பிரியும், தலைக்கு ஆயிரம். ஆக அந்த மாதம் எல்லோரும் 5,000க்குப் பதில் 4,000 கட்டினால் போதும். அவசரக்காரருக்கு அது கடன், பொறுமைக்காரருக்கு அது சேமிப்பு. ஒரே சீட்டுக்குள் இரண்டும் நடக்கிறது.

இதில் நடத்துபவருக்கு ஒரே ஒரு தலைவலி. மூன்றாவது மாதமே சீட்டை எடுத்துக்கொண்ட ஆள், மீதிப் பதினேழு மாதமும் கட்டுவாரா? அவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது, வருமானவரிக் கணக்கு இருக்காது. பூக்கடை வைத்திருப்பார், தையல் மெஷின் வைத்திருப்பார். சீட்டுக் கம்பெனியில் உட்கார்ந்தவருக்குத் தினமும் வருவது மைனஸ் ஒன்றுதான். ஆனால் அவர் கதவைச் சாத்த முடியாது, சாத்தினால் தொழிலே இல்லை. கடையைப் போய்ப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். ஜாமீன் போடுபவர் யார், அவருக்கும் இவருக்கும் என்ன உறவு என்று கேட்க வேண்டும். பத்து வருஷம் சீட்டு நடத்தியவருக்கு, காகிதம் இல்லாத மனிதரை எடைபோடும் கண் வந்துவிடுகிறது. எம்.பி.ஏ. பாடத்திட்டத்தில் அந்தக் கண்ணுக்குத் தாள் கிடையாது.

காப்பீடு கொடுத்த கணக்கையும் சீட்டு கொடுத்த கண்ணையும் சேர்த்துப் பார். லாரிக்காரருக்கு ஏன் கடன் கொடுக்கலாம் என்று புரியும்.

வங்கியின் பார்வையில் பழைய லாரி ஓர் ஆபத்து. ஓடுகிற சொத்து. இன்றைக்கு நாமக்கல்லில் நிற்கும், நாளைக்கு நாக்பூரில் நிற்கும். முதலாளியே டிரைவர், படிப்பு குறைவு, கணக்குப் புத்தகம் என்பது சட்டைப்பையில் இருக்கும் சிட்டை. இதையே கிட்டத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். லாரி ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும், அதனால் அவர் அதை நிறுத்தமாட்டார். ஓடும் லாரி வாரம்தோறும் காசு பார்க்கும், அதிலிருந்து டியூ கட்டலாம். ஏழு வருஷம் ஓடிய லேலண்ட் லாரி சங்ககிரியில் என்ன விலைக்குப் போகும் என்று சந்தையில் பத்துப் பேருக்குத் தெரியும், அதனால் அடகின் மதிப்பும் தெரியும். டிரைவராக இருந்து முதல் வண்டி வாங்குபவரை இன்னொரு லாரி முதலாளி கூட்டிக்கொண்டு வருவார். கூட்டிவந்தவரின் பெயரைக் கெடுத்துவிட்டு அந்த ஊரில் இவரால் பிழைக்க முடியாது. வாடிக்கையாளரின் ஊரிலேயே கிளை, அவர் பேச்சைப் பேசும் ஆள், அவர் இருக்கும் இடத்துக்கே போய் வசூல் என்று ஸ்ரீராம் வேலை செய்தது இதனால்தான். கடன் வரலாறு இல்லாதவர்களுக்குக் கொடுப்பது மற்றவர்கள் நினைக்கும் அளவுக்கு ஆபத்தில்லை என்று நிரூபிக்கவே இதில் இறங்கியதாகத் தியாகராஜன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இந்தத் தொழிலில் எல்லாம் நன்மை என்று நான் சொல்லமாட்டேன். மூன்று டியூ தவறினால் நடுரோட்டில் வண்டியை மடக்கி எடுத்துப்போகும் கொடுமை வாகனக் கடன் துறையில் உண்டு. டிரைவர் பிள்ளைகளோடு ரோட்டில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் இந்த ஊர் மறக்கக் கூடாது. 1990களில் மயிலாப்பூரிலும் தி. நகரிலும் எத்தனை ஃபைனான்ஸ் கம்பெனிகள் அதிக வட்டி ஆசை காட்டிப் பணத்தை வாங்கி, ஒரு நாள் காலையில் கதவைப் பூட்டின! ஓய்வுபெற்ற வாத்தியார்களின் பி.எஃப். பணம் அதில் போயிற்று. 1997இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய நிறுவனங்கள் பதிவு பெற்றே தீரவேண்டும் என்று கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த முதலாளிகளுக்கும் வேகம் இருந்தது, மேலே போகும் வெறி இருந்தது. யாருக்குக் கடன் கொடுக்கிறோம் என்ற அறிவுதான் இல்லை.

இரண்டாவது டீ போடும்போதுதான் என் கதையைச் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் மேலே சொன்னதெல்லாம் உபதேசமாகிவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஒரு வங்கிக் கிளையில் கடன் பகுதி அதிகாரி. மஞ்சள் பையில் ஆர்.சி. புக்குகளைச் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். இரண்டு லாரி வைத்திருந்தார். மூன்றாவதாக ஒரு பழைய வண்டி விலைக்கு வருகிறது, கடன் வேண்டும். சிறு போக்குவரத்து உரிமையாளர்கள் முன்னுரிமைக் கடன் பட்டியலிலேயே இருந்தவர்கள். விதி அவருக்கு எதிராக இல்லை. ஆனால் பழைய வண்டி, கணக்கு இல்லை, எனக்கு லாரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் தலையாட்டிக்கொண்டே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. "வந்து வண்டியைப் பாருங்கம்மா. பாத்துட்டு இல்லைன்னு சொல்லுங்க" என்றார். வண்டி பத்து நிமிஷ தூரத்தில் நின்றிருந்தது. நான் போகவில்லை. மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கையெழுத்துக்காக என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை. மறுத்த கடன் வாராக்கடன் ஆகாது, அதனால் மறுத்தவருக்கு என்றைக்கும் நல்ல பெயர்தான். எனக்குப் பிரமோஷன்கூட வந்தது. ஆனால் முப்பத்தோரு வருஷம் கழித்து வெளியே வந்தபோது, மற்றவர்களுக்குத் தெரியாத எது எனக்குத் தெரியும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சுற்றறிக்கைகள் தெரியும். அவை வருஷத்துக்கு ஒருமுறை மாறிவிடும். அந்த மனிதரின் வாக்கியம் மட்டும் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, "நான் ஒரு கடையக்கூட நேர்ல பாத்ததில்ல ஆன்ட்டி. எல்லாம் ஸ்கிரீன்லதான்" என்றாள்.

அப்போதுதான் பிரமோஷன் பேச்சுக்கு வந்தோம். அவளைத் தாண்டிப் போனவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விசாரித்தேன். அவளைவிடக் கெட்டிக்காரர்கள் இல்லை. ஆனால் ஒருவன் வசூல் பகுதியில் இருந்து வந்தவன். ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதோ ஒரு தெருவின் பெயர் சொல்லி, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்வானாம். மேலதிகாரி அவனைத் திரும்பிப் பார்ப்பாராம். இவள் வேலையில் பிழை இல்லை, ஆனால் இவள் என்ன நினைக்கிறாள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் இவளே ஒரு மைனஸ் ஒன்று. இவளுக்கு எதிராக யாரும் எதுவும் எழுதவில்லை, இவளைப் பற்றிய பதிவே இல்லை.

அதற்கு நான் சொன்னது மிகச் சின்ன காரியம். ஒரு நோட்டு வாங்கு. ஒவ்வொரு முக்கியமான ஃபைலுக்கும் நான்கு வரி எழுது: கொடு என்றாயா வேண்டாம் என்றாயா, ஏன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறாய், எதைக் கண்டு பயந்தாய். தேதி போடு. ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பார். எத்தனை பயம் வீண், எத்தனை நம்பிக்கை வீண் என்று உன் கையெழுத்திலேயே இருக்கும். காப்பீட்டுக்காரர்கள் ஆயிரம் வண்டியை எண்ணுவதுபோல நீ உன் முடிவுகளை எண்ணுகிறாய். இப்படி எண்ணாமல் பத்து வருஷம் வேலை செய்தவருக்கு இருப்பது பெரும்பாலும் ஒரு வருஷ அனுபவம், பத்துமுறை. எண்ணியவரிடம் ஒரு பக்கக் குறிப்பு இருக்கும். அதை மேலதிகாரி மேஜையில் வைக்கலாம். இன்டர்வியூவுக்கும் கொண்டுபோகலாம்.

எதை எண்ணுவது என்பதற்கும் அவள் ஃபைல்களே வழி காட்டின. பாதிக்கு மேல், குட்டி யானை என்னும் சின்னச் சரக்கு வண்டிக்கான கடன்கள். கோயம்பேட்டில் விடியற்காலை காய் ஏற்றி, மாடவீதிக் கடைகளுக்கும் தி. நகர் மெஸ்களுக்கும் இறக்குபவர்கள். காசு எட்டு மணிக்குள் கைக்கு வந்து, டீசலுக்கும் வீட்டுக்கும் போய்விடும், வங்கிக் கணக்கில் ஏறாது. அதனால் அவள் திரையில் அவர்கள் ஏழையாகவே தெரிகிறார்கள். சனிக்கிழமை உன் கம்பெனி வசூல்காரரோடு ஒரு நடை போய் வா என்றேன். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் தெருவில் ஒரு மணி நேரம் நில், ஓடாத வண்டிக்கும் ஒரு விலை உண்டு என்று தெரியும். நேரில் தொட்டுக் கற்பதற்குப் பனகல் பூங்கா பக்கம் நல்லி பட்டுக்கடையை நினைத்துப் பார். 1928இல் தொடங்கிய கடை. நல்லி குப்புசாமி செட்டியார் 1956இல் பொறுப்பேற்றபோது பதின்மவயதுப் பையன். பட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் பட்டைக் கற்றிருக்க முடியும்.

"அதுக்கப்புறம்? அவர் பெரிய பணக்காரர் ஆயிட்டாரா, தியாகராஜன்?"

ஆகியிருக்கலாம். 2006இல் அமைந்த ஓர் அறக்கட்டளைக்குத் தன் பங்குகளை மாற்றிக் கொடுத்துவிட்டார். அதன் பயனாளிகள் குழுமத்தின் மூத்த ஊழியர்கள். 2013இல் பத்மபூஷண். 2022இல் லாரிக் கடன் நிறுவனமும் அதே குழுமத்தின் ஸ்ரீராம் சிட்டி யூனியன் நிறுவனமும் இணைந்து ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆயின. 2023இல் அவரைப் பற்றி வந்த செய்திகளில், குழுமத்தில் வேலை பார்ப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்றும், அவர் சின்ன வீட்டில், சின்ன காரோடு, கைபேசி இல்லாமல் இருக்கிறார் என்றும் எழுதியிருந்தார்கள். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். எல்லோரும் அப்படி இருக்கவேண்டியதில்லை, உனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, சம்பளம் கேட்டு வாங்கத்தான் வேண்டும் என்றேன். ஆனால் கூட வேலை செய்தவர்களைப் பங்குதாரராகப் பார்த்தவர் என்பதை மட்டும் நினைவில் வை. நோட்டு எழுதும்போது, அந்த வசூல்காரர் சொல்லிக்கொடுத்ததை அவர் பெயரோடு எழுது.

அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். மூன்று கேள்விக்குறியும் அப்படியேதான் இருந்தன. பின்பக்கம் மட்டும் சீட்டுக் கணக்கு.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு வாசலில் வந்து நின்றாள். சுடிதாரின் ஓரமெல்லாம் சேறு. தலையில் கொத்தமல்லித் தழை ஒன்று ஒட்டியிருந்தது. விடியற்காலை மூன்றரைக்குக் கோயம்பேடு போயிருக்கிறாள்.

"ஆன்ட்டி, வண்டியப் பாக்கப் போனா முதல்ல டயரப் பாக்கணுமாம். நாலு டயரும் ஒரே மாதிரி தேஞ்சிருந்தா லோடு ஒழுங்கா ஓடுதுன்னு அர்த்தமாம். ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா அடியில ஏதோ கோளாறாம், செலவு வருமாம். வசூல்காரண்ணா சொன்னாரு. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு டயரையும் நான் குனிந்து பார்த்ததில்லை. உள்ளே வந்து உட்கார், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல் என்று அவளிடம் சொல்லிவிட்டு, இஞ்சியை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனேன்.